நூல் அறுந்தால் யார் கை?

சாய்ந்தமருதை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம். வயிறு நிறைந்திருந்தது, நாக்கு மட்டும் வெயிலில் போட்ட தோலாகக் காய்ந்திருந்தது. வழியில் கண்ட கிணற்றிலெல்லாம் நின்று நின்று குடித்தும் தாகம் அடங்கவில்லை. கறியில் உப்புக் கூடிய வழக்கைப் பள்ளிவாசல் வரைக்கும் இழுத்துவிட்ட மனிதர் இலங்கைத் தீவிலேயே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் நான் வந்துகொண்டிருந்தேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மருதமுனையில் யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவர் 'அறுந்திச்சா காக்கா', அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஒரு பெரிய தறிக்கொட்டிலில் இடுப்பில் உடுக்கிற சாரனுக்குப் பூவும் கரையும் கட்டிக் கொடுப்பவர். எதிரே வருகிறவர் சிரித்துக்கொண்டு வந்தாலும் அழுதுகொண்டு வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அறுந்திச்சா?"

என்னையும் அப்படித்தான் கேட்டார். அதற்கு முன் நான் கோமாரியில் ஒரு மீன்வாடியில் வலை இழுத்தேன். காய்ச்சல் வந்தது. வலை இழுக்காதவனுக்குச் சோறு இல்லை என்பது எல்லா வாடியிலும் உள்ள சட்டம், அதில் எனக்குக் கோபமில்லை. காய்ச்சல் விட்டதும் நடந்தேன். திருக்கோவிலில் கோயிலடியில் ஒரு வேளை சாப்பாடு கிடைத்தது. மருதமுனைக்கு வந்து சேர்ந்து, தறிச் சத்தம் கேட்ட கொட்டிலுக்குள் தலையை நீட்டி, "வேலை ஏதும் இருக்கா?" என்றேன்.

உள்ளே குந்தியிருந்தவர் தலையைத் தூக்கினார். "அறுந்திச்சா?"

"எது?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ ஒண்டு அறுந்துதானே இவ்வளவு தூரம் நடந்து வந்திரிக்காய்."

சாயத் தொட்டியில் நூலை முக்கிப் பிழிகிற வேலை கிடைத்தது. கொட்டிலிலேயே படுத்துக்கொள்ளலாம். கை ஒரு கிழமை நீலம், மறுகிழமை சிவப்பு. சோறு தின்னும்போது பார்க்காமல் தின்னப் பழகிக்கொண்டேன்.

அந்தக் கொட்டிலை அவர் ஒரு அரசாங்கம்போல நடத்தினார். சுவரில் ஒரு மாதிரித் துணி தொங்கும். அதற்குப் பெயர் வாப்பா, தகப்பன். தறிகளில் நெய்கிற சாரன்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். வாப்பாவின் கட்டமும் கோடும் பிள்ளைகளுக்குத் தானாக வரும். கரையை மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். வாப்பாவில் ஒரு கோட்டை மாற்றினால் கொட்டில் முழுக்க மாறவேண்டும். ஒருநாள் ஒரு நெசவாளர் பகிடியாக, "காக்கா, அந்த வாப்பாவ எனக்குத் தாங்க, பெருநாளைக்கு உடுக்க" என்றார்.

காக்காவின் முகம் மாறிவிட்டது. "வாப்பாவ ஆரும் உடுக்க ஏலா. அது சாரன் இல்ல. சாரன் எப்படி இரிக்கணும் எண்டிற ஒரு சொல்லு. அந்தச் சொல்ல இடுப்புல கட்டிட்டுப் பெருநாள் தொழுகைக்குப் போவியா?"

தறியின் மேலே பூப்பெட்டி இருக்கும். மரச்சட்டங்களில் குச்சி செருகிய பெட்டி. குச்சி இருக்கிற இடத்தில் நூல் எழும்பும், இல்லாத இடத்தில் படுத்திருக்கும், அப்படியே பூ விழும். அதை அவர் ஒரு பழைய பச்சைச் சாரனால் மூடி வைத்திருந்தார். கொட்டிலின் முதலாளிக்கே உள்ளே பார்க்க அனுமதி இல்லை. "உள்ளுக்க நடக்கிறது ஒங்களுக்கு என்னத்துக்கு முதலாளி? கயித்த இழுங்க, பூ வரும். பாத்தா பூவுக்கு வெக்கம் வந்திரும்."

முதலாளி ஒருநாள் ஒளித்துப் பார்த்துவிட்டார். துணியைத் தூக்கிய இடத்தால் ஒரு பல்லி உள்ளே போய்க் குச்சிக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அன்று நெய்த சாரனில் பூவுக்கு ஓர் இதழ் குறைவு. காக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சாரனை அக்கரைப்பற்று வியாபாரி ஒருவர் பார்த்து, "புதுசா இரிக்கே, இதுவே நிறையத் தாங்க" என்று கேட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"அது பூ இல்ல, பிழை" என்றார் காக்கா.

"விக்கிதெல்லோ காக்கா!"

"அப்ப பல்லிக்கிட்டச் சொல்லுங்க. அதான் கட்டினது."

பிழைகளுக்கு அவர் வைத்திருந்த சட்டம் கொட்டிலில் எல்லாருக்கும் பாடம். காலையில் தறி தொடங்குமுன் கலிமாவுக்கு அடுத்ததாக அதைச் சொல்லவைப்பார்: நூல் அறுந்தா ஒன்ட கை. பூ பிழைச்சா என்ட கை. சாயம் பிழைச்சா முதலாளிட கை. ஒருத்தர்ட கைக்கும் வராட்டித் தறி நிக்கணும். அறுந்ததைக் காட்டாமல் மேலே நெய்துகொண்டு போகிறவனை அவர் "பிழைய முழுங்கினவன்" என்பார். அதைவிடப் பெரிய வசை அவரிடம் இல்லை. முழுங்கிய பிழை துணியின் கடைசி முழம் வரைக்கும் கூடவே வரும் என்பார், அது உண்மையும்தான்.

சங்கடம் என்னவென்றால், கொட்டிலுக்கு வெளியேயும் அவர் இதை விடவில்லை. ஒருமுறை கல்முனைக்குப் போன பஸ் பாண்டிருப்பில் நின்றுவிட்டது. சாரதி எஞ்சின் மூடியைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தார். காக்கா இறங்கிப் பக்கத்தில் போய் நின்று, "தம்பி, இது நூலா, பூவா?" என்றார். சாரதி ஏதோ சொன்னார், அதை எழுத முடியாது. காக்கா பஸ்ஸுக்குள் திரும்பி வந்து எல்லாருக்கும் அறிவித்தார்: "சாயம். முதலாளி வரணும். நடங்க." பாதிப் பஸ் அவரோடு நடந்தது. அவர்கள் கல்முனையை எட்டுமுன் பஸ் அவர்களைத் தாண்டிப் போனது.

இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. பொழுதுபட்டதும் கொட்டிலில் உள்ளவர்கள் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தங்கள் தங்கள் பெண்சாதி வீடுகளுக்குப் போய்விடுவார்கள். தறிகள் நின்றபின் கடல் இரைவது கேட்கும். மிஞ்சுவது இரண்டு பேர்: வீடே இல்லாத நான், சாய்ந்தமருதில் வீடு இருந்தும் போகாத அவர். ஒரு சட்டியில் சமைப்போம். உப்புப் போடுவது நான். அவர் அந்த நேரம் வெளியே போய் நிற்பார்.

ஏன் என்று ஒருநாள் அவரே சொன்னார்.

அவர் மனைவி வைத்த மீன் ஆணத்தில் உப்புக் கூடிவிட்டது. நாங்கள் கறி என்பதை அவர்கள் ஆணம் என்பார்கள். மனைவி சமைக்கக் கற்றது தன் உம்மாவிடம். ஆகவே காக்கா இப்படிக் கணக்குப் போட்டார்: மனைவியின் ஆணம் பிள்ளை, மாமியின் ஆணம்தான் வாப்பா. பிள்ளையில் பிழை என்றால் பிழை வாப்பாவில். சோற்றுக் கையோடு எழும்பி மாமியிடம் போய், "மாமி, ஒங்கட உப்புல பிழை இரிக்கி" என்றார். மாமி தன் தம்பியிடம் ஓடினார். தம்பி பள்ளிவாசல் மரைக்கார், ஊருக்கு நியாயம் சொல்கிற ஆள். ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் கலையுமுன் வழக்கு பள்ளிவாசலுக்கு வந்துவிட்டது. மரைக்கார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்து, "உப்புக்கு எங்கட கை இல்ல" என்றார்.

ஒருத்தர் கைக்கும் வராவிட்டால் தறி நிற்கவேண்டும். காக்கா வீடு திரும்பியபோது அவருடைய தலையணை வேலிப் படலைக்கு வெளியே இருந்தது.

"பிழை ஆருட கையெண்டு தெரியாம நான் எப்படிப் போற?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஐந்தாம் வகுப்புத்தான் படிப்பு. பெண்சாதியும் இல்லை. சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகு மரைக்காரிடமிருந்து சொல் வந்தது: வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்து இருக்கட்டும், இல்லாவிட்டால் தலாக் சொல்லிப் பிரியட்டும். உப்புக்குத்தான் கை இல்லை, பிரித்துவிட என்னிடம் கை இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். அன்று காக்கா ஒருவரையும் அறுந்திச்சா என்று கேட்கவில்லை. வாப்பாவின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அடுத்த நாள் என்னைச் சாய்ந்தமருதுக்கு அனுப்பினார்.

அவர் மனைவி வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டேன். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல்: "ஒங்கட காக்கா என்ன சொல்லி அனுப்பினாரு?"

"பிழை ஆருட கையெண்டு கேட்டு வரச் சொன்னார், அக்கா."

"தம்பி, நூல் அறுந்தா ஆருட கை?"

"தறியில இருக்கிறவன்ட கை."

"பூ பிழைச்சா?"

"காக்காட கை."

"சாயம்?"

"முதலாளிட கை."

"நல்லாப் பாடமாக்கி வெச்சிரிக்கீங்க. எனக்கும் பாடம். நித்திரையிலயும் அவர் இதத்தானே சொல்ற. அப்ப நீங்களே சொல்லுங்க, உப்புக் கூடுறது நூலா, பூவா, சாயமா?"

நான் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன்.

"நூல் தம்பி. வெறும் நூல். சோத்துக்கு முன்னால இரிந்தது ஆரு? என்ட உம்மாவா? மரைக்கார் மாமாவா? ஒரு மிடறு தண்ணி குடிச்சாச் சரி. தறியில இரிக்கிறவன் கட்டாம, அறுந்த நூலத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் திரிஞ்சா அது நூலா, தேர்வடமா?" துருவுகிற சத்தம் மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. "இன்னொண்டும் சொல்லுங்க. தலையணையக் கழுவி உள்ளுக்க எடுத்து வெச்சிட்டன். ஆனா நான் கூப்பிட மாட்டன்."

ஒரு சொல் தவறாமல் வந்து சொன்னேன். காக்கா பூப்பெட்டியின் பச்சைச் சாரனைத் தூக்கி உள்ளே பார்த்தார், மூடினார்.

"நான் உப்பப் பூ எண்டு நினைச்சிட்டன்" என்றார். "வெள்ளிக்கிழமை நீயும் வா. தனியப் போனா நான் ஏதும் கதைச்சிருவன்."

போனோம். பாய் விரித்துச் சோறு வைத்தார்கள். மரைக்கார் நடுவில், நானும் காக்காவும் இரண்டு பக்கமும். மாமி அடுப்படி வாசலில். மனைவி திரைச்சீலைக்குப் பின்னால். முதல் கவளம் வாயில் வைத்தேன். கடல் முழுதாக அதில் இருந்தது. கோமாரியில் அலை முகத்தில் அடித்து வாய்க்குள் போனபோதும் அவ்வளவு உப்பில்லை. மரைக்காரின் கண் வெளியே வந்துவிட்டது. அவர் விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை, காக்காவையே பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு வளையல்கூட அசையவில்லை.

காக்காவின் உதடு பிரிந்தது. "அறு..." என்று தொடங்கியது. கை ஓடிப்போய் செம்பைப் பிடித்தது. குடித்தார். இன்னொரு கவளம் தின்றார். குடித்தார். கண்ணில் நீர் வந்தது. மறுபடி தின்றார்.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது: "என்ன, அறுந்திச்சா?"

"நூல்தான்" என்றார் காக்கா. "கட்டிட்டன்."

திரைச்சீலை விலகி ஒரு கை வேறொரு சட்டியை உள்ளே தள்ளியது. "இது திங்கிற ஆணம். அது கேள்வி கேக்கிற ஆணம்."

மரைக்கார் வாயில் இருந்ததை ஒருவழியாக விழுங்கிவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உப்புச் சரியான ஆணம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குள் முதல் சட்டியில் வயிறு நிறையத் தின்றுவிட்டேன். பசித்தவனுக்கு உப்பு ஒரு குறையில்லை.

படலை வரைக்கும் காக்கா வந்தார்.

"கொட்டிலுக்குத்தானே?"

"இல்ல காக்கா. வேற பக்கம் போறன்."

தறிகள் நின்றபின் அந்தக் கொட்டிலில் கடல் இரைவதைத் தனியே கேட்டுக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அறுந்திச்சா?"

"ஓம்" என்றேன். இதுவரை யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

"ஒனக்கு அறுந்தா ஆருட கை?"

நான் நடக்கச் சாரனை மடித்துக் கட்டினேன்.

"கை இல்லாட்டித் தறி நிக்கணும். நீ நிக்காம நடந்துக்கிட்டே இரிக்காய். அதுவும் பிழைய முழுங்கிறதுதான்." கொஞ்ச நேரம் படலையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். "எங்க இருந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பு. வெறும் நூல் எண்டாலும் பரவாயில்ல."

நூல் அவரவர் கை என்ற தன் சட்டத்தை அவரே அறுத்தது நான் கண்டவரையில் அந்த ஒருதரம்தான்.

கல்முனையைத் தாண்டி மேற்கே திரும்பினேன். கிட்டங்கியில் தோணியேறி ஆற்றைக் கடந்து, நாவிதன்வெளியில் நெல்லடிக்கிற ஒரு சூட்டுக்களத்தில் வைக்கோலுக்குள் படுத்தேன். விடிந்ததும் வாய்க்காலில் இறங்கி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் அந்த ஆணத்தின் தாகம் அடங்கியது. தலையைத் தூக்கினால் மேலே வரம்பில் வட்டவிதானை நிற்கிறார். அந்த வயல்வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுகிற அதிகாரி.

"குடிக்கிற தண்ணிய இரவு பகலாக் காக்க ஏலுமா?" என்றார். "வாய்க்கால் காவலுக்கு ஆள் இல்ல."

"ஏலும்."

"வாய்க்கால் கட்டு உடைஞ்சா என்ன செய்வாய்?"

"சின்னதெண்டா நானே மண் வெட்டி அடைப்பன்."

"அடைக்க ஏலாட்டி?"

"கூப்பிடுவன்."

"ஆரை?"

"உங்களைத்தான்" என்றேன். அதுதான் சரியான பதில். ஆனால் அதைச் சொல்லுமுன் என் கழுத்து தானாகக் கிழக்கே, சாய்ந்தமருதுக் கடல் பக்கம் திரும்பிவிட்டது. அவர் மண்வெட்டியை என்னிடம் நீட்டிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தார்.

"அங்க என்ன இருக்கு?"

"ஆள் இருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.