ஏழாம் படிக்கு எடுத்த மூன்று பெட்டிகள்

மந்தைவெளி,
சென்னை-28.
24-11-1996

சிரஞ்சீவி நீரஜாவுக்கு உன் பெரியப்பா ஸ்ரீரங்கன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது.

இங்கே நானும் உன் பெரியம்மா விசாலாக்ஷியும் க்ஷேமம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். ஆனால் அவள் என்னோடு பேசி முப்பத்தேழு நாள் ஆகிறது. வேளாவேளைக்குக் காபி வருகிறது, சாப்பாடு வருகிறது, பேச்சுதான் வருவதில்லை. எனக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமானால் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்கிறாள். "சிலிண்டர் தீந்துபோச்சு, யாராவது புக் பண்ணினா தேவலை" என்று ஃப்ரிட்ஜிடம் சொல்வாள், நான் எழுந்து போய் புக் பண்ண வேண்டும். தி. நகர் ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

கடிதம் எதற்கு, போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பாய். பண்ணினேன். மூன்று தடவை பண்ணினேன். மூன்று தடவையும் உன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, உன் குரல் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். நாலாவது தடவை வார்டன் அம்மாளே எடுத்து, பெண்கள் ஹாஸ்டலுக்கு போன் பண்ணிப் பேசாமல் வைக்கிற பொறுக்கியைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் இலாகாவில் இருந்தவனுக்குக் கடைசியில் கிடைத்த மரியாதை இது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்டிலுக்கு அடியில் நீ விட்டுப்போன மூன்று அட்டைப்பெட்டிகளையும், அவற்றில் உள்ள அந்தச் சாமான்களையும் எடுத்துச் செல்ல உன் ஆபீஸிலிருந்து உடனே ஆள் அனுப்பவும். "ஆள் அனுப்பறேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய், இதுவரை யாரும் வரவில்லை. அந்தப் பெட்டிகளால் எனக்கு ஏற்பட்டிருக்கும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. அவை எப்படிக் கொலுவுக்குப் போயின என்பதையும் ஒரு தடவை எழுத்தில் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் வாயால் சொன்னது பொய்.

இந்த வருஷம் கொலுப்பலகையில் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. டிரங்குப் பெட்டி, அரிசி டின், என் பழைய ஃபைல் கட்டுகள் என்று எதை எதையோ அடுக்கியும் ஆறு படிதான் தேறியது. ஒற்றைப்படையில் அல்லாமல் யாராவது படி கட்டுவார்களா? "ஒண்ணைக் கொறைச்சு அஞ்சா வச்சுடுங்கோளேன்" என்றாள் உன் பெரியம்மா. போன வருஷம் ஏழு வைத்துவிட்டு இந்த வருஷம் ஐந்து வைத்தால் எதிர்வீட்டு சுலோச்சனா மாமி என்ன நினைப்பாள்? ரிடையரானதும் ஸ்ரீரங்கன் ஒடுங்கிவிட்டான் என்றுதானே! நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் கட்டிலுக்கு அடியில் ஒரே அளவாக, ஒரே உயரமாக மூன்று புதுப் பெட்டிகள். "ஆபீஸ் சாமான், ஈரம் படாம பாத்துக்கோங்கோ" என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. கொலுவில் ஏது ஈரம்? மூன்றையும் முன்வரிசையாக நகர்த்தி வைத்து, என் எட்டு முழ வேஷ்டியைப் போர்த்தி, செட்டியார் பொம்மையையும் அவர் மனைவியையும் மளிகைக்கடையோடு அதன் மேல் உட்கார வைத்தேன். ராத்திரி நீ வந்து பார்த்துத் திகைத்துப் போனாய். "பெரியப்பா, அந்தப் பெட்டில என்ன இருக்குன்னா..." என்று ஆரம்பித்தாய். "ஆபீஸ் விஷயம் எனக்கெதுக்கும்மா, ஒன்பது நாள்தானே" என்று நான் வாயை அடைத்துவிட்டேன். மறுநாளும் சொல்ல வந்தாய், மறுநாளும் அடைத்தேன்.

உன் வேலை என்ன என்று நீ என்னிடம் ஒளித்ததே இல்லை. எய்ட்ஸ் வராமல் காத்துக்கொள்வது எப்படி என்று ஆட்டோ ஸ்டாண்டிலும் ஸ்டுடியோ வாசலிலும் போய்ப் பேசுகிறேன் என்று இங்கே தங்க வந்த அன்றைக்கே சொன்னாய். நான்தான் தலையை ஆட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் "சுகாதார ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லிவைத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பதற்குப் பெயர் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை என்ன நடந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். பதினொரு மாமிகள் வந்திருந்தார்கள். சுலோச்சனா மாமியின் பேத்தி வர்ஷினி, செட்டியார் மனைவியின் தராசை எடுப்பதற்காக ஏழாம் படியில் ஏறினாள். பெட்டி பொத்தென்று வாயைப் பிளந்தது. பளபளவென்று சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் கூடம் முழுக்கச் சரிந்தன. என் கண்ணாடி பூஜையறையில் இருந்தது. மாமி ஒன்றை எடுத்துப் பார்த்து, "என்ன மாமா, ஷாம்பூவா? இந்த வருஷம் வெத்தலை பாக்கோட ஷாம்பூ வச்சுக் கொடுக்கறேளா?" என்றாள். போன வருஷம் அவர்கள் வீட்டில் சீப்பும் கண்ணாடியும் வைத்துக் கொடுத்தார்கள், நாம் வெறும் மஞ்சள் கிழங்கோடு நிறுத்திக்கொண்டோம். அந்த உறுத்தல் எனக்கு ஒரு வருஷமாக இருந்தது. "ஆமாம் மாமி, நீரஜா ஆபீஸ்ல கொடுத்தது. கூச்சப்படாதேங்கோ, ஆளுக்கு ரெண்டா எடுத்துக்கோங்கோ" என்று நானே வாரி வாரிக் கொடுத்தேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எண்ணெய் ஸ்நானத்துக்கு ஆகும் என்று வேறு சொன்னேன்.

அரைமணி நேரத்தில் மாமியின் அகத்துக்காரர் கிச்சா, ஒரு பாக்கெட்டைப் பேப்பர் துண்டால் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவர் எதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர். அவர் பின்னால் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் பதினொரு பேர், திருப்பிக் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். மற்ற இரண்டு பேர் யார் என்று நான் ஆராயவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். "எல்லாம் இவ வேலை! சுவாமி இருக்கற எடத்துல கொண்டு வந்து வச்சிருக்கா பாருங்கோ!" என்று அத்தனை பேர் எதிரிலும் உன்னைக் கை காட்டினேன். பெட்டியை எடுத்தவன் நான், வைத்தவன் நான், வேஷ்டி என்னுடையது. "நான் வைக்கலை" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் என் மானம் அங்கேயே போயிருக்கும். நீ சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாய், பிறகு குனிந்து பாக்கெட்டுகளைப் பொறுக்கினாய். தலைகீழாகக் கிடந்த செட்டியாரையும் நிமிர்த்தி வைத்தாய். மறுநாள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, ஒரு சூட்கேஸோடு கிளம்பினாய். வெள்ளிக்கிழமையில் வீட்டுப் பெண் வெளியே போகக் கூடாது என்று உன் பெரியம்மா வாசலில் நின்று அழுதாள். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. நீ போன நாலாம் நாள் ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும், மெலிந்த உடம்பு. "அக்கா இருக்காங்களா?" என்றான். என்ன விஷயம் என்றேன். "அக்காகிட்டதான் சொல்லணும்" என்றான். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று கதவைச் சாத்திவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன் கேட்டுக்கு வெளியே கால்மணி நேரம் நின்றுகொண்டிருந்தான். அழுதானா என்று தெரியவில்லை, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். அப்புறம் போய்விட்டான். நீரஜா, உனக்குச் செய்ததைவிட அதுதான் என்னை அதிகம் அறுக்கிறது. நீயாவது என் மேல் கோபப்படலாம். அவனுக்கு நான் யார் என்றே தெரியாது.

அதனால்தான் மறுநாள் ஆட்டோ டில்லிபாபு வந்து "சார், அக்கா வூட்ல கீதா?" என்றபோது கதவைச் சாத்த எனக்குக் கை வரவில்லை. "ஸ்டாண்டுல பசங்க கேட்டுக்கினே கீறானுங்கோ சார். மாசாமாசம் அக்காதான் குடுக்கும்" என்றான். இந்து பேப்பரில் மருந்து மாதிரி மடித்துக் கட்டி, தலையைத் திருப்பிக்கொண்டு ஒரு பொட்டலம் கொடுத்தேன். அது தப்பாகப் போயிற்று. டில்லிபாபு போய்ச் சொல்லி, பால் பூத்காரர் வந்தார், சலூன்காரர் வந்தார், கோடம்பாக்கத்திலிருந்து குல்சும் என்று ஒரு அம்மாள் வந்து, டான்ஸ் ஆடுகிற தன் தோழிகளுக்கென்று பை நிறைய வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது, "இந்து பேப்பர்ல கட்டாதீங்க மாமா, பிரிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும்" என்று புத்தி வேறு சொன்னாள்.

வாங்கிக்கொண்டு பேசாமல் போனாலாவது பரவாயில்லை. சந்தேகம் கேட்கிறார்கள். "கொசு கட்ச்சா வருமா சார்?" என்றான் டில்லிபாபு. எனக்கு எப்படித் தெரியும்? உன் மேஜையில் நீ பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த புத்தகத்தை எடுத்துப் படித்து, வராது என்று மறுநாள் ஸ்டாண்டுக்கே போய்ச் சொன்னேன். "அப்ப ஒரே டம்ளர்ல டீ குடிச்சா?" என்றான் இன்னொருத்தன். அதற்கும் வராது என்றேன். எப்படி வரும் என்பதையும் சொல்லவேண்டி வந்தது. சொன்னேன். பஞ்சாங்கம் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த கிச்சா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து எதிர்ச்சாரியில் நடக்கிறார். இதையெல்லாம் நீ தினமும் வெயிலில் நின்று எப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாயோ! எனக்கு இரண்டு நாளிலேயே தொண்டை கட்டிவிட்டது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பையனைத் தேடச் சொல்லி டில்லிபாபுவிடம் கெஞ்சினேன். போன வாரம் கண்டுபிடித்துவிட்டான். "ஸ்டுடியோல லைட் புடிக்கிறவன் சார். வடபழனி டிப்போ பின்னாடி கீறான். ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டான், ரிசல்ட்ட வாங்கப் பயந்துக்கினு ஒரு மாசமா சுத்தினு கீறான்" என்றான். நானே போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். நான் கூட வருகிறேன் என்றும் சொன்னேன். "அக்கா வந்தா போறேன்" என்கிறான். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நம் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்காக நீ அன்றைக்கு மட்டும் வந்துபோக வேண்டும். நான் எதிரில் வரமாட்டேன், மாடியில் இருந்துகொள்கிறேன்.

இத்தனை வயசுக்கு மேல் இந்தத் தொல்லைகள் எனக்கு ஆகாது. எனவே பெட்டிகளை எடுத்துச்செல்ல ஆள் அனுப்புமாறு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிக்கு உனக்கு எடுத்த சுங்குடிச் சேலை பீரோவில் இருக்கிறது, வருகிற ஆளிடம் அதையும் கொடுத்தனுப்புகிறேன். நீ சௌக்கியமாக, எடுத்த காரியத்தில் ஜெயமாக, நல்லவர்கள் நடுவில் இருக்க வேண்டும் என்று கபாலியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
ஸ்ரீரங்கன்

பின்குறிப்பு: ஆள் அனுப்ப வேண்டாம். பெட்டி மூன்றும் காலி. கடைசிப் பாக்கெட்டைத்தான் முந்தாநாள் சலூன்காரர் வாங்கிக்கொண்டு போனார், நேற்று வந்த நாலு பேரை வெறுங்கையோடு அனுப்பினேன். அதனால் நீயே வா, சூட்கேஸோடு வா. வரும்போது ஆணுறை ஆறு பெட்டி கொண்டு வா, பெட்டி மேல் அந்தப் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. பெட்டியை வைத்தது நான்தான் என்று இன்று காலை சுலோச்சனா மாமி வீட்டுக்குப் போய், கிச்சாவையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஆறு என்ன கணக்கு? ஏழாக் கொண்டுவரச் சொல்லுங்கோ, ஒத்தைப்படையா இருக்கட்டும்."