மெட்ராஸ் ஐயும் புழு முட்டையும்

மெட்ராஸ் ஐ ஊருக்குள் புகுந்த ஏழாம் நாள், கண்ணொளிச் சித்தரும் சாந்தோமுக்கு வந்து சேர்ந்தார். பூர்வாசிரமத்தில் தி. நகரில் செல்போன் உறை விற்ற கதிரேசன்தான். ஞானம் எப்போது வந்தது என்கிறீர்களா? கடையைக் காலி செய்த அன்று! வரிசை பஸ் ஸ்டாப் வரை நீண்டது. அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி. ஏதோ கட்சிக் கூட்டம் என்று போலீஸ்காரரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாஞ்சாலிக்கு இது மூன்றாவது நடை. ரவிக்கைக்குக் கொக்கி தைத்துப் பிழைப்பவள். இன்று காலை ஊசியின் காதே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தைச் சித்தர் பேச்சைக் கேட்டுக் குப்பையில் போட்டிருந்தாள். கண்ணே போய்விடுமோ என்ற பயத்தில் தையலைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

சித்தர் அவள் வலக்கண் இமையோரம் கருங்குருணையாய் இருந்த மூலிகைப் பொடியைத் தூவி, ஈரப் பஞ்சை வைத்துக் கட்டினார். பத்து நிமிடம் மந்திரம். பஞ்சைப் பிரித்தால் வெள்ளையாய், வழவழவென்று, நடுவில் கறுப்புப் புள்ளியோடு நாலைந்து.

"பாத்துக்கோ, புழு முட்டை! இன்னும் ரெண்டு வாட்டி வந்தா வேரோட போயிடும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முட்டைக்கு ஏது வேர் என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

அடுத்து நின்றவர் ஹாஜிரா பீ. மயிலாப்பூரில் முப்பது வருடமாகச் சர்பத் விற்பவர். பஞ்சை உற்றுப் பார்த்தார். சித்தர் தடுப்பதற்குள் ஒரு சிட்டிகைப் பொடியை அள்ளித் தன் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினார்.

"இப்ப மந்திரம் சொல்லு நைனா."

"தண்ணிக்கு எதுக்கும்மா மந்திரம்?"

"சரி, அப்ப சும்மா குந்து."

பத்தே நிமிடம். பாட்டில் முழுக்க முட்டை!

"இன்னா நைனா, தண்ணிக்கும் மெட்ராஸ் ஐயா? சப்ஜா வெதை இது! தெனம் சர்பத்துல நான் போடறதுதான்." மடக் மடக்கென்று குடித்தும் காட்டினார். "சக்கரைதான் இல்ல."

"அடப்பாவி! என் கண்ணு இன்னா உனுக்கு சர்பத் டம்ளரா?" பாஞ்சாலி செருப்பைக் கழற்றி வீசினாள். சித்தர் ஆட்டோவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்; ஒற்றைக் கண்ணிலும் குறி தப்பவில்லை.

அன்றே ஹாஜிரா பீ அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கருவிழியில் தழும்பு விழுந்திருக்கும் என்று திட்டிவிட்டு டாக்டர் மருந்து கொடுத்தார். அடுத்த வாரம் ஊசியில் நூல் ஏறியது.

நன்றி சொல்லப் போனால், சர்பத் கடை முன் பெரிய வரிசை. முதல் ஆள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"அக்கா, உங்க கை ராசியாமே? கண்ணுல ரெண்டு சொட்டு சர்பத் வுடுங்க."

பாஞ்சாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணுக்கு டாக்டர் கீறாரு, வாய்க்கு சர்பத் கீது. மேல தலைன்னு ஒண்ணு கீதே, அத்த எதுக்குய்யா வச்சிகினு கீற?"