தாய்மாமன் செய்த பெட்டி

பெட்டி திறக்கவில்லை.

கீழக்குயில்குடி அய்யனார் கோயில் வாசலில், மடியில் அக்காள் மகளும் கையில் மரப்பெட்டியுமாக உட்கார்ந்திருந்தான் ராஜபாண்டி. மூன்று வயது முனீஸ்வரிக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற அளவில் ஒரு மாலையையும் மாட்டியிருந்தார்கள். அது காதை மூடிக்கொண்டு கிடந்தது. மொட்டை போடும்போது அவள் போட்ட கூச்சலில் மலைமேல் இருந்த குரங்குகள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தன. அடுத்தது காதுகுத்து. புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் வந்துவிடும். அதற்குள் தாய்மாமன் எடுத்த தோடு பிள்ளை காதில் ஏறியாக வேண்டும்.

தோடு பெட்டிக்குள் இருந்தது.

“என்ன மாப்ள, தோடு உள்ள தூங்குதா?” என்றார் கருத்தக்கண்ணன். பிள்ளைக்குப் பெரியப்பா. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று தன் பங்குக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தோடு மட்டும் பிள்ளை காதில் ஏறிவிட்டால், முனீஸ்வரி பேத்தி எடுக்கிற காலம்வரை அக்காள் வாழ்க்கைப்பட்ட பேரையூர்ப் பக்கம் இதே பேச்சாகத்தான் இருக்கும் என்பது ராஜபாண்டிக்குத் தெரியும்.

“இந்தா, ஒரு நிமிசம் மச்சான்.”

ராஜபாண்டிக்குத் திருமங்கலத்தில் டயர் கடை. கடை சாத்திய பிறகு மொட்டைமாடியில் மரவேலை. யாரும் கேட்டுச் செய்வதில்லை. யாராலும் தடுக்க முடியாததால் செய்வது. முதலில் ஒரு நாற்காலி செய்தான். அதில் மாமனார் உட்கார்ந்தார், அதோடு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய தேக்குக் கதவை அறுத்து, இந்தப் புதிர்ப்பெட்டியைச் செய்து முடித்தான். இதற்குப் பூட்டும் கிடையாது, மூடி எதுவென்றும் தெரியாது. ஒரு பக்கம் சாய்த்தால் உள்ளே கோலிக்குண்டு உருளும், அப்போது ஓரப்பலகை ஒரு விரல் அளவு நகரும், பிறகு அடிப்பலகை, அதற்கப்புறம்தான் மேல்பலகை.

“என்னைத் தவிர ஒருத்தனும் தொறக்க முடியாது” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். இப்போது அந்த ஒருத்தனாலும் முடியவில்லை.

சாய்த்தான். குலுக்கினான். உள்ளே கலகலவென்று சத்தம் மட்டும் கேட்டது.

“இருக்கு மாமா! இருக்கு!” என்று கைதட்டினாள் முனீஸ்வரி.

“கண்மாய்க் காத்துக்கு மரம் ஊதியிருக்கும்” என்றான் ராஜபாண்டி.

“எண்ணெய் விட்டுப் பாருங்க” என்றாள் அவன் மனைவி அஸ்வினி, வெகு அக்கறையாக.

விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைப் பெட்டி இடுக்கில் ஊற்றினார்கள். பலகை வழுக்கவில்லை, பெட்டிதான் வழுக்கியது. கையைவிட்டு எகிறி, சீர்த் தட்டில் இருந்த வாழைப்பழச் சீப்பின்மேல் விழுந்து, அதைப் பஞ்சாமிர்தமாக்கியது. முனீஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பிடிப்பு இல்லைங்க. திருநீறு தடவுங்க” என்றாள் அஸ்வினி.

தடவினான். எண்ணெயும் திருநீறும் சேர்ந்து, சுவர் விரிசலுக்குப் பூசுகிற பட்டிபோல இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டது. இனி எந்தப் பலகை எங்கே முடிகிறது என்று செய்தவனுக்கே தெரியாது.

“தம்பி, சும்மா ஒரு தட்டில தோட்டை வச்சுக் குடுத்திருக்கக்கூடாதாடா?” என்றாள் அக்காள் பாண்டிமீனா. புகுந்த வீட்டு ஆட்கள் மொத்தமும் பெட்டியைச் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மதினி, பதறாதீங்க. ஏங்க, ஒரு கல்லை எடுத்துத் தட்டுங்க” என்றாள் அஸ்வினி.

தான் இழைத்து இழைத்துச் செய்த பெட்டியைத் தானே கல்லால் அடிப்பதா? ஆனால் கருத்தக்கண்ணனின் கை சட்டைப்பை அருகே போய்விட்டது. தேங்காய் உடைக்கும் கல்மேல் பெட்டியை வைத்து, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, குழவிக்கல்லால் ஒரு போடு போட்டான்.

முனீஸ்வரி வீலென்று கத்தினாள்.

“யோவ், பிள்ளை பயப்படுதுல்ல, மெதுவாத் தட்டு மாப்ள!” என்று கூட்டமே அவனை ஏசியது. அஸ்வினி ஓடிவந்து ஒரு துண்டு வெல்லத்தைப் பிள்ளை வாயில் வைத்தாள். காது குத்த வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சங்கிலிப் பத்தர் பிள்ளையின் தலையை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். “பாப்பாவை நான் பார்த்துக்கிறேன். நீங்க உங்க சோலியைப் பாருங்க தம்பி.”

இரண்டாவது போடு. மறுபடி ஒரு வீல், மறுபடி ஒரு துண்டு வெல்லம். பெட்டியில் கீறல்கூட இல்லை. அந்த நேரத்திலும், ‘நல்லாத்தான் செஞ்சிருக்கோம்’ என்று ஒரு சின்னப் பெருமை வந்து போனதை மறைப்பதற்கில்லை.

பைக்கிலிருந்து திருப்புளி வந்தது. இடுக்கில் விட்டு நெம்பினான். திருப்புளியின் மூக்கு முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

“இன்னொண்ணு கொண்டா மாமா!” என்றாள் முனீஸ்வரி, வெல்லம் ஒழுக.

யாரோ செல்போனைப் பார்த்துச் சொன்னார்கள்: “பன்னெண்டு ஆயிருச்சுப்பா.”

ராஜபாண்டி பெட்டியைக் கீழே வைத்தான். எண்ணெயும் திருநீறும் அப்பிய கையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. “அக்கா, என்னை மன்னிச்சிரு. ஒரு தோடு போடத் துப்பில்லாத மாமனாப் போயிட்டேன்” என்றான். பாண்டிமீனா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து நகைக்கடைப் பொட்டலத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி பிரித்தார். “ராகுகாலம் வந்தா வந்துட்டுப் போகுது. பத்தரே, பெரியப்பன் தோட்டைப் போடுங்க.”

சங்கிலிப் பத்தர் கை நீட்டவில்லை. தன் பையை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, பிள்ளையின் மாலையை இரண்டு பக்கமும் விலக்கிவிட்டார்.

“எங்கங்க போடுறது? அவரு போட்ட ரெண்டு போடுலயே மாமன் தோடு ரெண்டு காதுலயும் ஏறிருச்சு! காலையிலயே இந்தத் தம்பி சம்சாரம் தோட்டை எடுத்து எங்கிட்டக் குடுத்துட்டு, பெட்டிக்குள்ள புளியங்கொட்டையைப் போட்டுப் பசை வச்சு மூடிருச்சு. அவரு அதோட மல்லுக்கட்டுனாத்தான் பிள்ளை வேடிக்கை பார்த்துக்கிட்டு அழாம இருக்கும்னு.”