மருமகளுக்கு எதிரான சாட்சியங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன், இல்லையென்றால் மன்னித்துக்கொள். சொல்லப்போவது இவ்வளவுதான்:

1. மருமகளுக்கு நான் இங்கே இருப்பது பிடிக்கவில்லை.
2. அதற்கான சாட்சியங்கள்.
3. ஆகவே வெள்ளிக்கிழமை பெட்டியோடு உன் வீட்டுக்கு வருகிறேன்.

நான் அவசரப்பட்டு முடிவுகட்டுகிறவன் அல்ல. ரிட்டையர் ஆகும்வரை கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன். காலித் தட்டிலேயே ஒரு பக்கம் சாயும் தராசை ஒருநாளும் விட்டதில்லை. அதே நிதானத்தோடுதான் இதையும் பார்த்தேன்.

மகன் ஆபீசுக்குப் போனதும் அவள் கதவைப் படாரென்று சாத்துகிறாள், என்மேல் கோபம். ஒருநாள் மெதுவாகச் சாத்தினாள், கோபத்தை மறைக்கிறாள். குழம்பில் உப்பைக் குறைத்தாள், பேசாமலே பேசுகிறாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமா" என்று சோற்றை அள்ளி வைத்தாள். சீக்கிரம் தின்றுவிட்டு எழுந்து போகட்டும் என்றுதானே? இந்தக் கவலையில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் போச்சு. "டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்றாள். பார்த்தாயா, என்னை நோயாளியாகவே ஆக்கிவிட்டாள்! நேற்று ஒரு தச்சர் வந்து குளியலறையை அளந்தார், என் அறையை அளந்தார், கடைசியில் "பெரியவரே, கொஞ்சம் நேரா நில்லுங்க" என்று என் இடுப்பு உயரத்தையே அளந்தார். "எதுக்குப்பா?" என்றேன். "அக்கா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அறையை வாடகைக்கு விடுகிறார்கள், சரி. என்னை எதுக்குடா அளக்கணும்?

மாடி அறையில் ஒட்டடை மட்டும் அடித்து வை. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் அண்ணன்

பி.கு.: இதை ஒட்டப் பசை தேடும்போது தச்சர் வந்து, குளியலறையிலும் என் கட்டிலருகிலும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி பொருத்திவிட்டுப் போனார். "ரெண்டு தடவ வழுக்கினீங்க. முன்னாடியே கேட்டா, எனக்கெதுக்கும்மா இதெல்லாம்னு தடுத்திருப்பீங்க. அதான் மாமா, திருட்டுத்தனமா அளக்கச் சொன்னேன்" என்றாள் மருமகள். பிடித்துப் பார்த்தேன். என் கைக்கென்றே செய்தது போல இருந்தது. மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒட்டடை அடிக்க வேண்டாம். இப்போதுதான் எல்லாம் விளங்குகிறது: கதவைப் படாரென்று சாத்துவது என் அறையில் தூசி விழக் கூடாதென்று. உப்பைக் குறைத்தது என் ரத்த அழுத்தத்துக்காக. சாயங்காலக் காபியில் சர்க்கரையே இல்லை, என்ன அக்கறை! "மறந்திருப்பாப்பா" என்கிறான் மகன். அவனுக்குத் தராசைப் பற்றி என்ன தெரியும்? ஆகவே தம்பி, எண் 1 தவறு. அதை அடித்துவிட்டு, எண் 2-ஐ அப்படியே வைத்துக்கொள்.