நாக்கு அண்ணாச்சி பார்த்த பன்னிரண்டாவது வீடு

தூத்துக்குடியில் இருக்கிற சுவர்களில் பாதியை நாக்கால் அறிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். மீதிப் பாதியையும் அறிந்திருப்பார். வீட்டுக்காரர்கள் உள்ளே விடவில்லை.

அவருக்கு ஊர் வைத்த பெயர் நாக்கு அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தக் கார்டை என் செராக்ஸ் கடையில் பத்துத் தடவையாவது நகல் எடுத்துக் கொடுத்திருப்பேன், இருந்தும் இப்போது கேட்டால் ஞாபகம் வராது. அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏலே செராக்ஸு" என்பார். கணக்குச் சரியாகிவிட்டது.

வீடு வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அண்ணாச்சியைக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். படித்த இன்ஜினியர்கள் மிஷின் வைத்துப் பார்ப்பதை அவர் மஞ்சள் பையை வைத்துப் பார்த்துவிடுவார். பையில் ஒரு எவர்சில்வர் கரண்டி, நாலு கோலிக்குண்டு, டெஸ்டர், டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர். கரண்டியால் சுவரைத் தட்டி 'டொக்' என்று கேட்டால் உள்ளே பூச்சு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கோலியை உருட்டினால் தரையின் வாட்டம் தெரிந்துவிடும். தண்ணீர் எதற்கென்றால், வாய் கொப்பளிக்க. ஒவ்வொரு அறைக்கும் நாக்கு புதிதாக இருக்க வேண்டுமாம்.

ஏனென்றால் கடைசியில் சுவரை நக்கிப் பார்ப்பார்.

இந்த வித்தை வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அவர் முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். ஒரு கல் உப்பை வாயில் போட்டு எந்தப் பாத்தியில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாய் வைத்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, சாம்பார்ல இம்புட்டு உப்பையா அள்ளிப் போடுவ?"

"நான் இன்னும் உப்பே போடலயே. அத எடுக்கத்தான போறேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். கூரையிலிருந்து காரை உதிர்ந்து இலையில் விழுந்துகொண்டிருந்தது. கட்டினவன் கடல் மணலைக் கழுவாமல் கலந்து பூசியிருக்கிறான். உப்பு உள்ளே இருந்தால் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி ஊதும், ஊதினால் காரை இலைக்கு வரும். அன்றைக்கு எழுந்தவர்தான் ஊர்ச் சுவரையெல்லாம் ருசி பார்க்க ஆரம்பித்தார்.

காயல்பட்டினத்தில் வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் மூன்று மாடி வீடு ஒன்றை விலை பேசியிருந்தார். விற்கிறவர் குடும்பம் முழுக்கக் கூடி நிற்கிறது. அண்ணாச்சி வாய் கொப்பளித்துவிட்டு, கூடத்துச் சுவரைக் கண்ணை மூடிக்கொண்டு நக்கினார். ஒரு சின்னப் பெண் தன் தாயின் சேலையை இழுத்து, "உம்மா, இவங்களுக்கு இன்னும் சோறு வைக்கலையா?" என்றது. அண்ணாச்சி கண்ணைத் திறக்காமல், "இது நல்ல தண்ணி. குழாய்த் தண்ணி. மாடி பைப்பு செவருக்குள்ள உடைஞ்சிருக்கு" என்றார். உடைத்துப் பார்த்தார்கள். பைப்பு அழுதுகொண்டிருந்தது.

இன்னொரு வீட்டில் குளியலறைக்குள் கோலியை விட்டார். அது சாக்கடைத் துவாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசல்படி தாண்டி, கூடம் தாண்டி, படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. "இந்த வீட்டுத் தண்ணிக்குக் குளிச்ச ஒடன படுக்கணும்" என்றார்.

புதுப் பெயிண்டைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "விக்கப் போற வீட்டுக்கு இப்பம் எதுக்குப் பெயிண்டு? பொண்ணு பாக்க வாரவன் முழுக்கைச் சட்டை போட்டுட்டு வந்தாம்னா, கைல யார் பேரப் பச்சை குத்திருக்கான்னு பாக்கணும்லா" என்பார்.

இப்படிப்பட்டவரிடம் என்னைப் போன்ற ஆள் போய் மாட்டினால் என்ன ஆகும்?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பயத்தில் மட்டும் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஊரார் பத்திரமெல்லாம் என் மிஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்திருக்கின்றன, எனக்கென்று ஒரு பத்திரம் கிடையாது. பதினோரு வீடு பார்த்துப் பதினொன்றையும் விட்டவன் நான். ஒன்றுக்குப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர். ஒன்றின் மாடிப்படி என்னைப் பார்த்து முறைத்தது. அண்ணாச்சியே "வாங்குலே" என்று சொன்ன இரண்டு வீடுகளை, இவர் ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறார் என்ற சந்தேகத்தில் விட்டேன்.

அந்தச் சமயத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் மகன் கல்யாணத்துக்காகக் கேட்டுவிட்டார். மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். என் மனைவி ரீத்தா அன்றைக்குச் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் பேசினால்தான் நான் எழுந்து நின்று கேட்பேன்.

"பன்னெண்டாவது வீடு ஒண்ணு வந்திருக்கு, பாக்கப் போறோம். அதையும் வேண்டாம்னியன்னா நான் பெரியதாழைக்கு எங்கம்மாட்ட போயிருதேன். நீங்க செராக்ஸ் மிஷினைத் தொறந்து அதுக்குள்ள படுத்துக்கிடுங்க."

திரேஸ்புரம் போகிற வழியில் இருந்தது அந்தப் பன்னிரண்டாவது வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் வீடு. மகனோடு இருக்க அவரும் மனைவியும் வெளியூர் போகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு வருவதாகவும், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். மணி பத்தரை.

அண்ணாச்சி ஆரம்பித்தார். நான் பின்னாலேயே வியர்த்துக்கொண்டு போனேன்.

"சன்ஷேடுல கம்பி வெளிய எட்டிப் பாக்கு."

"உள்ள போகச் சொல்லிப் பூசிருவோம் அண்ணாச்சி" என்றாள் ரீத்தா.

"பிளக் பாயிண்டுல எர்த்தே இல்ல. மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு."

"ஒயர் இழுத்துக்கிடலாம்."

"பின்கதவு நிலையில கரையான்."

"கதவத்தான மாத்தணும், வீட்டை இல்லையே."

"மொட்டைமாடித் தண்ணிக் குழாயில காக்கா கூடு கட்டிருக்கு."

ரீத்தா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியளா, காக்காகூட பன்னெண்டு வீடு பாக்காம ஒண்ணக் கட்டிருச்சு."

கடைசியில் கூடத்துச் சுவர். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் ஊதி, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. எனக்குத் தெரியும், உயிர்நிலை இதுதான். உப்பு வெளியிலிருந்து ஏறியிருந்தால் சரிபண்ணலாம். மணலிலேயே இருந்தால் வீடு முழுக்க வியாதி. அண்ணாச்சி கொப்பளித்தார், நக்கினார். மறுபடி கொப்பளித்தார், மறுபடி நக்கினார். பிறகு என் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். அந்தச் சுவருக்கு நேர் பின்னால் ஒரு துவைக்கிற கல், அதைச் சுற்றித் தேங்கிய தண்ணீர்.

"ஏலே, யார்ட்டயும் சொல்லக்கூடாது. ரெண்டு மாசம் முந்தி காய்ச்சல்ல கெடந்தேம்லா, அதுல இருந்து நாக்குக்கு ஒண்ணும் தெரியல. மீன்கொழம்பும் சுண்ணாம்பும் எனக்கு ஒண்ணுதான்."

நான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். "அப்பம் இந்த வீடு?"

"இந்த அழுக்குத் தண்ணிதான் ஏறுதுன்னு மனசு சொல்லுது. மனசை நம்பி நான் எவனையும் வீடு வாங்கச் சொன்னதில்ல. நீ நக்கு."

"நானா அண்ணாச்சி?"

"கீழ ஒரு எடம், மேல ஒரு எடம். கீழ மட்டும் கரிச்சா வெளித் தண்ணி. மேலயும் கரிச்சா கடல் மணல், எந்திரிச்சுப் போயிருவோம்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணாச்சி. வேற யாராவது…"

"தைரியசாலி நாக்கு நல்லதா நெனச்சுக்கிட்டே நக்கும். பயந்தவன் நாக்குக்குத்தான் ஒரு பொட்டு உப்பும் தப்பாது. ஒன்ன மாதிரி பயந்தவன் இந்த ஜில்லாவுலயே கெடையாதுலே."

பாராட்டா என்று யோசிக்க நேரம் இல்லை. உள்ளே போனோம். ரீத்தா அடுப்படியைப் பார்க்கப் போயிருந்தாள். நான் முழங்காலில் நின்று கீழே நக்கினேன். கரித்தது. கடலைக் குடித்த மாதிரி கரித்தது. பிறகு ஒரு ஸ்டூலில் ஏறி, காலண்டரைத் தூக்கி, ஆணி அடித்துப் பூச்சு பெயர்ந்திருந்த இடத்தில் நாக்கை வைத்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டம்மா காப்பியோடு வந்துவிட்டார்.

"தம்பி என்ன செய்யுதாவ?"

"காலண்டர்ல நல்ல நேரம் பாக்கான்" என்றார் அண்ணாச்சி.

"நாக்காலயா?"

"கண்ணாடி கொண்டு வரல."

காலண்டருக்குள் தலையை விட்டபடி நான் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், அந்த இடத்தில் உப்பு இருக்க வேண்டும் என்றுதான் என் மனசு கேட்டது. இருந்தால் நான் ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். பழையபடி வீட்டுக்குப் போய்ப் பயப்படலாம். ரீத்தா பெரியதாழைக்குப் போவதும் ஞாபகம் வந்தது. நாக்கை மறுபடி வைத்தேன். மணல் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, பழைய பெயிண்ட் இருந்தது. உப்பு இல்லை.

"என்னலே?" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

"இல்ல."

"ஒறுதியா?"

கடையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். "ஒறுதி. வாங்கிருவோம்" என்றேன்.

பின்னாலே சத்தம் கேட்டது. ரீத்தா அடுப்படி வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எதைப் பார்த்தேன், எப்படி முடிவு செய்தேன் என்று அவள் கேட்கவே இல்லை. மணி பதினொன்றே கால்.

துவைக்கிற கல்லைத் தள்ளிப் போட்டோம், தண்ணீருக்கு வழி வெட்டினோம், இடுப்பு உயரத்துக்குப் பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினோம். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சுவர் காய்ந்து கிடக்கிறது. எங்கள் வீட்டோடு அண்ணாச்சி தொழிலை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் முட்டுவலி என்று சொன்னார். நாக்குக்கு ருசி இன்றுவரை திரும்பவில்லை. இதை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன். "எழுதுலே. வாரப் பத்திரிகை படிக்கிறவன் எவன் வீடு வாங்கப் போறான்" என்றார். ரீத்தாவுக்கே இதைப் படித்தால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்க்கிறேன் என்று வருவார். கையால் ஒரு தடவு தடவிவிட்டுச் சாப்பிட உட்காருவார். ரீத்தா சீலா மீன் குழம்பு ஊற்றிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவர் நிதானமாக மென்று, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்பார். அவர் குழம்பைச் சொல்லுகிறார் என்று அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.