ஊதா பிட்டரின் நிலா

நிலாவைப் பார்த்து முகம் சுளித்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் ஊதா பிட்டராகத்தான் இருப்பார். இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். அவர் அங்கே தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். சொந்தப் பெயர் என் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் ஹட்டனில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய், வெட்டாத வில்லை ஒன்று கேட்டிருக்கிறார். "எந்தக் கண்ணுக்கு?" என்றாராம் கடைக்காரர். "நிலாவுக்குங்க."

அதைத் தண்ணீர்க் குழாயில் பொருத்தித் தொலைநோக்கி செய்தார். மாலையில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து முற்றத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவர் மட்டும் எழவு வீட்டில் நிற்பவர் மாதிரி நின்றார்.

"சுத்தி ஊதாவா வழியுது பாத்தீங்களாய்யா? ஒத்தக் கண்ணாடி நீலத்த கிட்டக்க சேக்குது, செவப்ப தள்ளி சேக்குது. எல்லா நெறமும் ஒரே எடத்துல சேரணும்."

"நிலா தெரியுதுல்ல, விடுங்க பிட்டர்."

"ஊதா தெரியுதே!"

அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

குவிந்த கண்ணாடியோடு, வேறு வகையான கனத்த குழிந்த கண்ணாடி ஒன்றைச் சேர்த்தால் பிரிந்த நிறங்கள் ஒன்றுகூடிவிடும் என்று போனில் படித்தார். கடைகளிலோ இப்போது எல்லாம் பிளாஸ்டிக். அதன் பிறகு என்னோடு பேசும்போதெல்லாம் கண்ணுக்கு நேராகவே பார்த்தார். மரியாதை என்று நினைத்து நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மூக்குல தடம் விழுந்திருக்கே. கண்ணாடி கனமோ?"

"கனந்தான். பழசு, கிட்டப்பார்வைக்குப் போட்ட குழிஞ்ச கண்ணாடி."

"ஒரு பக்கம் மட்டும் குடுங்களேன்யா."

இரண்டு மாதம் மறுத்தேன். மனிதர் மெலிந்துகொண்டே வந்தார். கடைசியில் புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு, இடது வில்லையைக் கழற்றிக் கொடுத்தேன். புதுசு வரும்வரை ஒரு வாரம் ஒற்றை வில்லையோடு ஆபீஸ் போனேன். தோட்டத்து மேலாளரான துரை என் பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டார்.

பழைய குழாயைப் பிரித்து, என் வில்லைக்குப் பொருத்தமாக வேறொரு குவிந்த கண்ணாடி தேடி, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார் பிட்டர். ஒன்பது நாள் பனிமூட்டம் விலகவில்லை. பத்தாம் நாள் அந்தியில் எதிர்மலைக்கு மேல் நிலா வந்தது. குனிந்தவர் நிமிரவே இல்லை. தோளைத் தொட்டேன். அழுதுகொண்டிருந்தார்.

"போயிருச்சுங்கய்யா."

"நிலாவா?"

"ஊதா!"

நானும் பார்த்தேன். பிளேடால் வெட்டி எடுத்தது போல வெள்ளை விளிம்பு. தேடினால்கூட ஊதா இல்லை.

அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அவர் மனைவி சரசு வந்து குனிந்தார்.

"என்னங்க, சேலக் கரையாட்டம் ஊதாவா ஒண்ணு சுத்தி இருக்குமே, அது எங்க? அதப் பாக்கத்தான நான் வர்றது."



அடுத்த போயாவுக்கு, அந்தப் பௌர்ணமி விடுமுறையில், முற்றத்தில் இரண்டு குழாய்கள் நின்றன. ஒன்று எங்களுக்கு. இன்னொன்று, மறுபடி ஹட்டன் போய் ஒற்றைக் கண்ணாடி வாங்கி வந்து செய்தது. சரசு முகம் கழுவிவிட்டு வருவதற்குள், அதில் ஊதா போதுமான அளவு வழிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் பிட்டர்.