மச்சான் கொடுத்த கேம்பரும் என் பிக்கப்பின் முதுகும்

ரவுண்டப், மொன்டானா
அக்டோபர் 9

என் மனைவியின் உடன்பிறந்த அண்ணனும், யூமா நகரின் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவருமான மச்சான் ராய்ஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் ஹார்லன் ஆஸ்ட்பி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை நதீனும் இங்கே உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக "நலம்" என்று எழுதுகிறவன் இந்த முறை "உயிரோடு" என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன். இருதய ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் எழுந்து நடமாடுகிறீர்களா, மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று நதீன் கேட்கச் சொன்னாள். நடமாடிக்கொண்டிருந்தால் இதோடு நிறுத்திவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மேலே படியுங்கள்.

போன வசந்தத்தில் இங்கே வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கிளம்பியபோது அந்தக் கேம்பரை எங்களுக்குக் கொடுத்தீர்கள். பெரிய மனது, மறுக்கவில்லை. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள முழு வீடு. அதைத் தூக்கி பிக்கப்பின் பின்பெட்டியில் உட்கார வைத்தால் போதும், ஊர் ஊராகப் போகலாம் என்றீர்கள். "உன் வண்டி முதுகுல தொப்பி மாதிரி உட்காரும் மாப்ளே" என்றதும் நீங்கள்தான். நான் நாற்பது வருஷம் இந்த ஊரில் முடிவெட்டியவன். தொப்பி எப்படி உட்காரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் மச்சான். இது தொப்பி மாதிரி உட்காரவில்லை. நான்கு ஜாக்கிகளில் அதை உயர்த்தி, நதீன் பின்னால் நின்று கைகாட்ட, நான் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்து அடியில் நுழைத்து மெல்ல இறக்கினேன். வண்டியின் பின்புறம் நாய் குந்துவது போலக் குந்திவிட்டது, முன்புறம் வானத்தைப் பார்த்தது. சாயங்காலம் முன்விளக்கைப் போட்டால் வெளிச்சம் சாலையில் விழவில்லை, எதிர்வீட்டு மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த திருமதி ப்ரூயிட்டின் முகத்தில் விழுந்தது. அந்த அம்மாள் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

ஓய்வு பெற்றுவிட்டாலும் சனிக்கிழமைகளில் பழைய ஆட்களுக்கு வீட்டிலேயே முடிவெட்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை வந்த ஐந்து பேரும் ஒரே வைத்தியத்தைச் சொன்னார்கள்: பின் அச்சுக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றுப் பை வைத்து, காற்றடித்துத் தூக்கிவிடு. வரவழைத்தேன், இரண்டு நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து நானே மாட்டினேன். ஒவ்வொரு பைக்கும் தனிக் குழாய் போடச் சொல்லித்தான் அதோடு வந்த தாளில் இருந்தது. ஒரே குழாயில் இரண்டையும் கோத்துவிட்டால் ஒரு இடத்தில் காற்றடித்தால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. மாட்டி முடித்துக் காற்றடித்ததும் வண்டி மேஜை போல மட்டமாக நின்றது. அப்போது எடுத்த போட்டோவைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். அதில் என் முகத்தில் தெரியும் பெருமையை இப்போது பார்க்கச் சகிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து நீங்கள் வீடு திரும்பிய செய்தி வந்ததிலிருந்து நதீன் சரியாகத் தூங்கவில்லை. "அண்ணன் வான்னு கூப்பிட மாட்டான், நாமதான் போகணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை கேம்பரோடு உங்களைப் பார்க்கக் கிளம்பினோம். இதை நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை, திடீரென்று வந்து நிற்கலாம் என்று திட்டம். ஊரைத் தாண்டி இருபது நிமிஷம், பில்லிங்ஸ் போகும் சாலை குன்றுகளுக்குள் இறங்கும் இடம் இருக்கிறதே, அங்கே முதல் வளைவு இடப்பக்கம் திரும்பியது. நான் திருப்பினேன், வண்டியும் திரும்பியது, ஆனால் முதுகில் இருந்த வீடு திரும்ப மறுத்து வலப்பக்கமாகச் சாய்ந்தது. எல்லா வண்டியும் கொஞ்சம் சாயும் என்று நானும் முதலில் நினைத்தேன். இது சாய்ந்துகொண்டே போனது. நிமிர்த்தலாம் என்று மறுபக்கம் திருப்பினேன், அது நிமிர்ந்து, நிமிர்ந்த வேகத்திலேயே இந்தப் பக்கம் சாய்ந்தது. உள்ளே அலமாரிக் கதவுகள் திறந்து தட்டுகள் விழும் சத்தம் கேட்டது. எதிரே மாடு ஏற்றிய லாரி ஒன்று மேலேறி வந்துகொண்டிருந்தது. நதீன் கத்தவில்லை. என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள், அவ்வளவுதான். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் மிதித்தேன். லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்தான். எங்கள் கண்ணாடிக்கும் அவன் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சீப்பு நுழையும் இடம் இருந்திருக்கும். எப்படியோ ஓரத்துச் சரளையில் நிறுத்திவிட்டேன்.

பிறகு நதீன் கதவைத் திறந்து இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பில்லிங்ஸ் திசையில் நடக்க ஆரம்பித்தாள். நான் கண்ணாடியை இறக்கி எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, தனக்கு இரண்டு கால் இருக்கிறது, அது இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போகும் என்று சொன்னாள். அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் பின்னாலேயே ஓட்டினேன். இப்படி ஒரு மைல் போயிருப்போம். ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் கார் ஒன்று எங்களைத் தாண்டி நின்றது. இறங்கி வந்த டெபுடி இளம் வயதுக்காரர், முதலில் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு நதீனிடம் போனார்.

"அம்மா, இந்த ஆள் உங்களைப் பின்தொடர்ந்து வர்றாரா?"

"ஆமா."

"எவ்வளவு நேரமா?"

"நாப்பத்தோரு வருஷமா" என்றாள் உங்கள் தங்கை.

டெபுடி சிரிக்கவில்லை. குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார், டயரின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்தார். இந்த நிலையில் வண்டி ஓடவே கூடாது, பில்லிங்ஸ் முனையில் ஆர்டிஸ் க்வாமே என்ற பெண் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறார், முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகாமல் நேரே அங்கே போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்றார். நதீன் டெபுடியின் காரில் ஏறிக்கொண்டாள். என் கல்யாண வாழ்க்கையில் நான் தனியாக ஓட்டிய மிக நீளமான முப்பது மைல் அதுதான்.

இந்த ஆர்டிஸுக்கு ஐம்பது வயது இருக்கும். பேசுவதற்கு முன்னால் வண்டியை எடைமேடையில் ஏற்றினார், பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னத் தாளை விரலால் காட்டினார். இருபது வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், அதைப் படித்ததில்லை. வண்டி முதுகில் மூவாயிரத்து நூறு பவுண்டு ஏற்றலாம் என்று அதில் இருந்தது. ஏற்றியிருந்தது நாலாயிரத்து இருநூறு. கேம்பரின் எடை இரண்டாயிரத்து நானூறுதான், விளம்பரத் தாளிலேயே போட்டிருக்கிறது என்று நான் வாதாடினேன்.

"அது காலி டப்பா எடை, பெரியவரே. அது தண்ணி குடிச்சப்புறம், காஸ் ஏறினப்புறம், உங்க வீட்டம்மா சமையல் சாமான் வச்சப்புறம் எவ்வளவுன்னு யாராவது நிறுத்துப் பாத்தீங்களா?"

நிறுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்கள், முந்நூறு பவுண்டு தரையில் ஓடியது. நதீன் இரும்பு வாணலிகளையும், ஒரு மாசத்துக்கு வேண்டிய டப்பா உணவையும் தானாகவே எடுத்துக் கீழே வைத்தாள். அப்படியும் எடை போதுமான அளவு இறங்கவில்லை. கடைசியில் ஆர்டிஸ் கட்டிலுக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றினார். மச்சான், அதற்குள் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் முப்பது வருஷமாக நீங்கள் பொறுக்கிய அகேட் மணிக்கற்கள், கல்லாகிப்போன மரத்துண்டுகள், பதினோரு பெட்டி. அறுநூற்றைம்பது பவுண்டு. எனக்குக் கேம்பரைக் கொடுத்தீர்களா, இல்லை ஒரு மலையின் ஒரு பகுதியை யூமாவுக்குக் கொண்டுவர இலவசமாக ஆள் பிடித்தீர்களா? அவற்றைப் பார்த்ததும் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. உடம்பு சரியில்லாதவரை இப்படித் திட்டுகிறீர்களே என்று நதீன் சொல்லிவிட்டு, அவளும் கொஞ்சம் திட்டினாள். கற்கள் பத்திரமாக ஆர்டிஸின் கொட்டகையில் இருக்கின்றன.

ஸ்பிரிங்கைத் தடிமனாகப் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றலாமா என்று ஆர்டிஸிடம் கேட்டேன்.

"ஸ்பிரிங் போட்டா உயரம் ஏறும், பலம் ஏறாது. கதவுல எழுதியிருக்கறத அழிக்க என்கிட்ட ரப்பர் இல்ல" என்றார். பிறகு என் காற்றுப் பைகளைப் பார்த்து, இதைக் கோத்தது யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "வளைவுல வலப்பக்கம் எடை விழுந்தா அந்தப் பையில இருக்கற காத்தெல்லாம் உங்க குழாய் வழியா இடப்பக்கம் ஓடிரும். தாங்க வேண்டியது படுத்துக்கும், சும்மா இருக்க வேண்டியது எழுந்து தள்ளிவிடும். வண்டியைக் கவுக்க இதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது."

அந்த வார்த்தை என்னை எங்கே தொட்டது என்று எழுதத் தெரியவில்லை. நான் கையால் மாட்டியதில் நதீனை உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறேன்.

மூன்று நாள் பட்டறையில் வேலை நடந்தது. பைகளுக்குத் தனித்தனிக் குழாய், தனித்தனி அளவுமானி. ஸ்பிரிங் அடுக்கில் கூடுதல் பட்டை, அதுவும் சுமை ஏறியதுமே வேலைசெய்யும்படி. சாய்வைப் பிடித்து நிறுத்தப் பின் அச்சுக்குக் குறுக்கே ஒரு தடித்த கம்பி. புது ஷாக் அப்சார்பர். அதிக எடை தாங்கும் டயர். கேம்பரின் பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கியதால் அதை ஆறு அங்குலம் முன்னுக்குத் தள்ளி உட்கார வைத்து, நான்கு மூலையிலும் முறுக்குக் கொக்கி போட்டு இறுக்கினார்கள். நான் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நதீன் மூன்று நாளும் ஆர்டிஸ் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதில் எவ்வளவு காற்று, எந்தக் கொக்கியை எத்தனை சுற்று என்று மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் மறுபடி எடைமேடை. மூவாயிரத்து அறுபது. ஆர்டிஸ் வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டிப் பாருங்கள் என்றார். நான் கதவருகே போனேன். கை கதவுப் பிடியில் இருக்கிறது, திறக்கவில்லை. நதீன் வந்து என் கையை எடுத்துவிட்டாள்.

"நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பயப்படற வேலையைப் பாருங்க."

லிவிங்ஸ்டன்வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. அந்த ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். ஊர் தெரியத் தொடங்கும் இடத்தில், உயரமான வண்டிகள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் போகவும் என்று அறிவிப்புப் பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இறங்கும் பாதைக்கு இன்னும் இரண்டு மைல். ஆற்றின் பக்கமிருந்து முதல் காற்று வந்து அடித்தபோது யாரோ தோளால் இடித்ததுபோல இருந்தது. நான் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வண்டி சாய்ந்தது. நான் கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை. சாய்ந்து ஒரு இடத்தில் நின்றது, அதற்கு மேல் போகவில்லை, திரும்பி வந்து மட்டமாக நின்றது. அடுத்த அடி வந்தது, மறுபடி அப்படியே. நதீன் வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்திருந்தாள். எங்களுக்கு முன்னால் போன காலி டிரெய்லர் ஒன்று காற்றில் வழுக்கிக்கொண்டே போய் ஓரத்து வேலியைத் தொட்டு நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு இறங்குபாதையில் இறங்கி, ஊருக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். "நல்லா நிக்குது" என்றாள். அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்ப் பன்றிச் சாப்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டாள். என்னால் காபிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை.

ஆகவே மச்சான், வண்டி சரியாகிவிட்டது. நான்தான் சரியாகவில்லை. படுத்தால் அந்த மாட்டு லாரி வருகிறது. நதீனுக்கு உங்களைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை அவளை ஏற்றிக்கொண்டு மலையிறக்கத்தில் இறங்க என்னால் முடியாது. கேம்பரை எங்கள் வீட்டுக் கொட்டகைக்குள் இறக்கி வைத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். டாக்டர் சம்மதித்ததும் நீங்களே விமானத்தில் ஏறி வாருங்கள், பில்லிங்ஸ் வந்து கூட்டிக்கொள்கிறேன். இதுதான் என் முடிவான முடிவு, இதில் மாற்றம் இல்லை.

உங்கள் இருதயம் இனிமேல் ஒழுங்காக ஓடட்டும். உப்பைக் குறையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் கோபமும் மரியாதையும் சரிபாதியாக உள்ள
ஹார்லன்

பின்குறிப்பு: அக்டோபர் 16. போன வாரம் இதை மேஜையில் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போயிருந்தேன். திரும்புவதற்குள் நதீன் படித்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து, எனக்கும் பயமாகத்தான் இருந்தது, லிவிங்ஸ்டனில் கால் நடுங்கியது, அதனால்தான் இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்றாள். நாற்பத்தோரு வருஷத்தில் அவள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் காலையில் கிளம்பினோம். ஐடஹோ தாண்டியதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். இதை உங்கள் வீட்டு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். உங்கள் தங்கை கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் சீக்கிரம் வந்து திறந்துவிடுங்கள். கடிதத்தை நாளைக்குப் படிக்கலாம், படிக்காவிட்டாலும் பரவாயில்லை.